ஏழு கிலோவுக்கு ஒரு கரடி

ஆளுயரக் கரடி ஒன்றைச் செருப்புப் பெட்டிக்குள் அடைத்து, வழிநெடுக அது மூச்சு விட, கூரியரில் அனுப்பி வைத்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். கரடிக்குச் சேதமில்லை. பெட்டிக்கும் சேதமில்லை. சேதம் எல்லாம் என் மச்சானின் கௌரவத்துக்குத்தான்.

இதைச் சொன்னால் மச்சான் முதலில் செருப்புப் பெட்டியில்தான் வந்து பிடிப்பார். "முழங்கால் பூட்ஸ் பெட்டி, மாப்பிள்ளை. நாற்பது, முப்பது, இருபத்தஞ்சு." எல்லாம் சென்டிமீட்டர். என் மனைவியின் அண்ணன் அவர். நான் பார்சல் கட்டிக்கொண்டிருந்த கூரியர் கிளைக்கு அவர்தான் மேனேஜர். கழுத்தில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். தூக்கத்திலும் கழற்ற மாட்டார். கனவில் வருகிற ஆட்களைக்கூட அளந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

கரடியைச் செய்தது என் கொழுந்தியாள், அதாவது மச்சானின் கடைசித் தங்கை. துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் சூப்பர்வைசரிடம், "உங்க வாயை மடிக்க என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் வீட்டில் உட்கார்ந்து பொம்மை தைத்தாள். அடுத்த ஊரில் ஒரு பெரிய பொம்மைக் கடை. அதன் முதலாளி, "ஒரு பெரிய கரடி மாதிரிக்கு அனுப்பும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். பிடிச்சா மாசாமாசம் எடுக்கிறேன்" என்றார். பிடிக்காவிட்டால் பழைய கடை, பழைய சூப்பர்வைசர். அவள் வந்து ஒப்பிப்பதற்கென்றே அந்த ஆள் ஒரு மன்னிப்பு வசனத்தை எழுதி வைத்துக் காத்திருப்பதாக ஊரில் பேச்சு.

கரடி இரண்டு கிலோதான் இருந்தது. ஆனால் கூரியர்க்காரனுக்கு எடை இரண்டு வகை. தராசு சொல்வது ஒன்று. டேப் சொல்வது இன்னொன்று: நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்தால் வருகிற கிலோ. இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் காசு. கரடியைச் சௌகரியமாக உட்கார வைக்கிற பெட்டியை மச்சான் மனக்கணக்காகவே போட்டார்.

"எழுபத்திரண்டு கிலோ."

"அண்ணே, உள்ள பஞ்சு."

"பஞ்சுக்கு யாரும்மா காசு கேக்குறா? வண்டியில அது அடைக்கிற இடத்துக்குத்தான்."

"உங்க எடை என்ன அண்ணே?"

"எழுபத்திரண்டு."

"அப்ப உங்களையே அனுப்பிடலாம்போல. நீங்களும் பார்க்கக் கரடி மாதிரிதான்."

அவள் கையிலிருந்த காசு ஏழு கிலோவரைதான் தாங்கும். அண்ணன் தள்ளுபடி கொடுக்க மாட்டார். அவளும் கேட்க மாட்டாள். ரோஷத்தில் இருவரும் ஒரே அச்சு.

நான் வேக்குவம் கிளீனரோடு வந்தேன். மெத்தை உறையாக வந்த கெட்டி பிளாஸ்டிக் பைக்குள் கரடியைத் திணித்து, வாயைக் கட்டி, குழாயைச் செருகிக் காற்றை உறிஞ்சினோம். முதலில் தொப்பை போனது. பிறகு கன்னம் போனது. கடைசியில் பல்செட்டைக் கழற்றிய கிழவர் மாதிரி ஒரு முகத்தோடு எங்களைப் பார்த்தது. பார்த்ததா என்று மச்சான் கேட்பார். பார்த்தது. தலைகீழாக, பிட்டம் மேலே இருக்கும்படி பூட்ஸ் பெட்டிக்குள் வைத்து, நான் மடிக்க, என் மனைவி மூடினாள். ஆறு கிலோ. ஒரு கிலோ மிச்சம்.

அங்கேதான் என் மனைவிக்குக் கலைக்கண் திறந்தது. நாங்கள் பையைக் கட்டுவதற்கு முன்னாலேயே, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கரடியின் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பனை ஊக்கால் குத்தியிருந்தாள். குத்தியவள் ஊக்கைப் பூட்டவில்லை. பெட்டியை ஒட்டி முடித்த பிறகுதான், "ரிப்பன் தெரியுற மாதிரி வச்சீங்களா?" என்று கேட்டாள். என் காதில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அது அவள் பெருமூச்சு என்று நினைத்தேன்.

கிளையில் கொழுந்தியாளுக்கு முன்னால் ஒரே ஓர் ஆள். தண்ணீர் பம்பின் இரும்புப் பாகம் ஒன்றை அனுப்ப வந்தவர். உள்ளங்கை அளவு பெட்டி, ஒன்பது கிலோ.

"சின்னப் பெட்டிதானேய்யா, அளந்து போடு."

"இரும்புக்குத் தராசு, பஞ்சுக்கு டேப்" என்றார் மச்சான்.

"பரவாயில்லையே. மடியிலயும் கறக்கிறீங்க, கொம்புலயும் கறக்கிறீங்க."

இந்த வாக்குவாதம் ஒரு யுகம் நடந்தது. நான் பார்சல் கட்டும் மேசையிலிருந்து பார்க்கிறேன், கொழுந்தியாளின் கையிலிருந்த பெட்டிக்குத் தொப்பை போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கரடி விழித்துவிட்டது. நான் கிட்டே போகக் கூடாது. சொந்தக்காரர் பார்சலை நான் தொட்டால் மச்சான் என்னையே அளந்து வெளியே அனுப்பிவிடுவார். மச்சான் டேப்பை எப்போதும் தொப்பையின் உச்சியில்தான் வைப்பார். உயரம் இருபத்தொன்பதுவரை ஏழு கிலோ. முப்பதைத் தொட்டால் ஏழைத் தாண்டிவிடும்; தாண்டியது துளி என்றாலும் கணக்கில் எட்டு. எட்டென்றால் சூப்பர்வைசர்.

பம்புக்காரர் போனார். கொழுந்தியாள் இரண்டு கைகளாலும் மூடியை அழுத்தியபடி பெட்டியை வைத்தாள்.

"கையை எடு."

"எடுக்கணுமா அண்ணே?"

"கையையும் சேர்த்து அனுப்பப் போறியா?"

எடுத்தாள். மச்சான் டேப்பை வைத்தார். "இருபத்தெட்டு."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்நியர் பார்சலை ஒரு தடவை அளப்பார். சொந்தக்காரர் பார்சலை இரண்டு தடவை. நாலு பேர் நாலுவிதமாகப் பேசிவிடக் கூடாதாம். மறுபடி வைத்தார்.

"இருபத்தொன்பது."

வேறு யாராவது என்றால் பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். மச்சான் டேப்பைச் சந்தேகப்பட்டார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பெற்ற பிள்ளை பொய் சொல்லிப் பிடிபட்டதைப் போல அதையே வெறித்தார். கொழுந்தியாள் மூச்சே விடவில்லை. அவளுக்கும் சேர்த்துக் கரடி விட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டு அளவு வந்தா பெருசுதான் கணக்கு" என்றார் கடைசியில். "ஏழு கிலோ."

அவள் காசை வைத்த வேகத்தில் நாணயம் ஒன்று கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. மச்சான் முத்திரை குத்தினார். குத்திய இடம் அவர் கண்ணெதிரிலேயே மெல்ல மேலே எழும்பியது. டேப் நிரபராதி என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

முத்திரை விழுந்த பார்சலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எழுதிய அளவைவிட வீங்கியிருந்தால் வண்டிக்காரன் ஏற்றவும் மாட்டான். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பம்புப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. வண்டி வரும்வரை அவர் வெளியே வரவில்லை. கதவுக்குக் கீழே ஓர் இடுக்கு உண்டு. அதன் வழியாக நான் பார்த்தபோது பூட்ஸ் பெட்டி ஒன்று தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூட்ஸ் தரையில் ஊன்றியிருந்தது. இரண்டுக்குள்ளும் கால் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன்.

"புளுகு" என்றார் மச்சான். "பெட்டி வீங்கவே இல்ல. டேப்புலதான் ஏதோ கோளாறு. பெட்டிமேல பாரத்துக்குப் பம்பை வச்சேன், அவ்வளவுதான்."

"வீங்காத பெட்டிக்கு எதுக்கு மச்சான் பாரம்?"

"மாப்பிள்ளை, நீ கொசுவைக் கழுகுன்னு சொல்ற ஆளு."

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். போன் வந்தது. கொழுந்தியாள் எடுத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனின் வாய்ப்புறத்தைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கரடி நல்லா உப்பி வந்திருச்சாம். வேற யார் தச்ச கரடிய உக்கார வச்சாலும் முன்னாடி கவுந்திருதாம். இது வச்ச இடத்துல ஆணி அடிச்ச மாதிரி உக்காருதாம். அடிப்பக்கம் அப்படித் தட்டையா இருக்காம். எல்லாத்தையும் இதே மாதிரி பண்ணித் தர முடியுமான்னு கேக்குறார். முடியும்னா இப்பவே ஆர்டர்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் அப்படித் தைக்கவே இல்லையே. எப்படி ஆச்சுன்னு தெரியாம எப்படி முடியும்னு சொல்றது?"

"உங்க அண்ணனைக் கேளு" என்றேன்.

"அத்தான், விளையாடாதீங்க. அண்ணே, நெசமாவே பம்புதானா? பம்புன்னா ஒரு பம்பு வாங்கணும். ஏதாவது சொல்லுங்க, லைன்ல நிக்கிறார்."

மச்சான் கழுத்திலிருந்த டேப்பைக் கையில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"பம்பு இல்ல" என்றார். "பம்பை வச்சுப் பார்த்தேன். அதைத் தூக்கிக்கிட்டே எழும்புச்சு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

"முடியும்னு சொல்லும்மா. வண்டி வர்ற வரைக்கும் அதுமேல நான்தான் உக்காந்திருந்தேன். சாயாம, நேரா உக்காரணும்."