தொட்டிக்குள் யாரும் இல்லை

"ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இவ்வளவு யோசனையா? உன் சொத்தையா எழுதித் தரச் சொன்னோம்?" என்றாள் மாமியார்.

சாப்பிட்ட தட்டுகளைக்கூட எடுக்காமல், அவற்றுக்கு நடுவே அந்தக் காகிதத்தை விரித்து வைத்திருந்தார்கள். மருமகள் அதை மூன்றாம் தடவையாகப் படித்தாள். புருஷன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் பார்த்த வேலையைக் குடும்பத்தில் ஒருவருக்குத் தருவதாகத் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருந்தது. முதல் உரிமை மனைவிக்கு. அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஆளுக்கு. அந்த அடுத்த ஆள், அவளுடைய கொழுந்தன், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்குள் ஆறு வேலைக்குப் போய், ஆறையும் 'நமக்கு ஒத்து வரல' என்று உதறிவிட்டு வந்த மகாராஜன்.

"வேலை எனக்கு வேணும் அத்தை. அவரு தொட்டிக்குள்ள எறங்கிச் சகதி அள்ள, நான் மேல நின்னு ஆறு வருஷம் வாளி இழுத்திருக்கேன். அந்த வேலை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஆச்சா? பொம்பளை பேர்ல வேலை, ஆம்பளை வீட்ல உக்காந்திருக்கான்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அந்த நாலு பேர்! அவர்களை இதுவரை நேரில் கண்டவர் யாரும் இல்லை. சகதித் தண்ணீரில் வாங்கிய எலிக்காய்ச்சலோடு அவள் புருஷன் பன்னிரண்டு நாள் கிடந்தபோது அந்த நால்வரில் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டும் என்றால் மட்டும் நால்வரும் டாண் என்று வந்து நின்றுவிடுவார்கள்.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "நீங்க தொட்டிக்குள்ள எறங்குவீங்களா தம்பி?"

"எந்தக் காலத்துல இருக்கீங்க அண்ணி? எல்லாம் மெஷின்தான். சுவிட்சத் தட்டினா அதுபாட்டுக்கு ஓடும்."

மாமியார் குரலைத் தாழ்த்தினாள். கத்தும்போது அவளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தாழ்த்தும்போதுதான் பயப்பட வேண்டும். "இது என் பேர்ல இருக்கற வீடு. கையெழுத்துப் போட மனசில்லேன்னா, நீயும் உன் மகளும் எங்க போய்ப் படுப்பீங்கன்னு யோசிச்சுக்கோ."

பக்கத்து அறையில் ஏழு வயது மகள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். மருமகள் கையெழுத்துப் போட்டாள்.

மெஷின் இருந்தது, உண்மைதான். தொழிற்சாலையின் சூட்டைச் சுமந்து வரும் தண்ணீர் ஒரு பெரிய கோபுரத்தின் மேலிருந்து கொட்டி, ஆறி, அடியில் விளையாட்டு மைதானம் அளவுத் தொட்டியில் சேரும். அங்கிருந்து ஒரு வாய்க்கால் வழியாகப் பம்புக்குப் போகும். தண்ணீர் சும்மா வருமா? மண், பாசி, இலை, நத்தை ஓடு, பிளாஸ்டிக் பை, செத்த மீன் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்து அடியில் படுக்க வைக்கும். மேலாக மிதப்பதை மெஷின் உறிஞ்சிவிடும். மூலைகளிலும் வாய்க்காலிலும் இறுகிக் கிடப்பதை ஒரு மனிதன் இறங்கித்தான் வெட்டி அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் பம்பு மூச்சுத் திணறும், மேலே எந்திரமெல்லாம் கொதித்து நின்றுவிடும். இவ்வளவு பெரிய தொழிற்சாலை ஒருவனுடைய மண்வெட்டியை நம்பி நின்றது. அந்த ஒருவனை மட்டும் 'சகதிக்காரன்' என்று கூப்பிட்டு, தேநீர்க் கடையில் தள்ளி உட்காரச் சொல்லும்.

கொழுந்தன் முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து இறங்கினான். வாளிக் கயிறு இழுக்கும் பெண்கள் அப்போதே 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஏணியில் ஏழு படி இறங்கினார். சகதி முழங்காலைத் தொட்டது. நாற்றம் மூக்கைத் தொட்டது. மாப்பிள்ளை காலையில் தின்றதையெல்லாம் அங்கேயே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். வீட்டுக்குப் போனதும், "அந்த வேலையில ஒரு டிசிப்ளினே இல்லம்மா," என்றார். மீசையில் மண் ஒட்டவில்லையாம்!

வேலையை விட்டுவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. அன்று மாலையே மாமியார் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"நீதான் தெரியும் தெரியும்னு சொன்னியே. நீ எறங்கு. பேரு அவன் பேரா இருந்துட்டுப் போகட்டும். ஒரே வீடுதானே, இதுல என்ன உன் பேரு, என் பேரு?"

பெயரில் ஒன்றும் இல்லையென்றால் அதைப் பிடுங்குவானேன்? மருமகள் கேட்கவில்லை. மகள் அடுத்த அறையில் இருந்தாள்.

இப்படியாக நாலு மாதம். கயிறு இழுக்கும் தினக்கூலிப் பெண்களோடு பெண்ணாக அவள் வாசலைத் தாண்டிவிடுவாள். முகமூடி, ரப்பர் காலணி, தலைக்கவசம், மேலெல்லாம் சேறு. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று பார்க்க அதிகாரிகள் யாரும் தொட்டி வாசலுக்கு வந்ததில்லை. மேஸ்திரிக்குத் தெரியும். "வேலை நடக்குதா, அது போதும்," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொட்டி வாசலில் ஒரு பலகை உண்டு. இறங்குகிறவர் தன் படம் போட்ட அட்டையை அதில் மாட்ட வேண்டும். பலகை காலியானால்தான் தண்ணீர் திறக்கலாம் என்பது விதி. பலகையில் தினமும் மாப்பிள்ளையின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நிழலில் உட்கார்ந்து போன் பார்த்தார். தொட்டிக்குள் அவள் வெட்டினாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஒரு நாள் மதியம் மாப்பிள்ளைக்குக் கடைச் சாப்பாடு சாப்பிட ஆசை வந்தது. வெளி வாசலில் அட்டையைக் காட்டினால்தான் விடுவார்கள். பலகையிலிருந்து தன் படத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணி வாய்க்காலுக்குள் இருக்கிறாள் என்ற ஞாபகம் வந்ததோ என்னவோ, பசி அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும்.

பம்பு அறையில் இருந்தவன் பலகையைப் பார்த்தான். காலி. வால்வைத் திறந்தான்.

அவள் வாய்க்காலில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தாள். முதலில் காலுக்கடியில் சகதி அசைந்தது. நிமிர்வதற்குள் முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறிவிட்டது. நெஞ்சில் அடித்துத் தள்ளியபோது கைக்குக் கிடைத்தது வாளிக் கயிறு ஒன்றுதான். 'ஐயோ, என் பிள்ளைக்கு யாரு இருக்கா' என்ற ஒரே நினைப்போடு அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மேலே கயிறு பிடித்திருந்தவளை எல்லோரும் கயித்தக்கா என்பார்கள். கயிறு வெடுக்கென்று இழுத்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பம்பு அறைக் கண்ணாடியை ஒரே போடாகப் போட்டு உடைத்தாள். "மூடுடா பாவி! உள்ள ஆளு இருக்கு!"

மூடினார்கள். நாலு பெண்கள் சேர்ந்து அவளை மேலே இழுத்தார்கள். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.

மறுநாள் காலை விசாரணை. அந்தத் தொட்டித் தண்ணீரின் புண்ணியத்தில் ஜில்லென்று இருந்த அறையில் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைக் கேட்டார்.

"சம்பவம் நடந்தப்ப நீ உள்ள இருந்தியா?"

"இல்ல சார். முறைப்படி அட்டைய எடுத்துட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

"அப்ப இந்தம்மா?"

மாப்பிள்ளை ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "எங்க அண்ணி சார். அண்ணன் வேலை பார்த்த இடமாச்சேன்னு வேடிக்கை பாக்க வந்தாங்க. குனிஞ்சு பார்த்தப்ப வழுக்கி விழுந்துட்டாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் ஒரு முழு மனுஷியையே மறைத்தான். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. விபத்து இல்லை, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை! 'சம்பவ நேரத்தில் தொட்டிக்குள் ஊழியர் யாரும் இல்லை' என்று எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டார். கட்டுப் போட்ட கைகளோடு எதிரே நின்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெளியே வந்தபோது தொட்டி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. வாய்க்கால் பாதிதான் சுத்தமாகியிருந்தது. மாலைக்குள் பம்பு ஓடியாக வேண்டும் என்று பெரிய அதிகாரியே வந்து நின்றார். தூண் மறைவில் மேஸ்திரி அவளிடம் ரப்பர் காலணியை நீட்டினார்.

"கை முடியாதுன்னு தெரியும்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சமாளிச்சுடு."

அவள் அதை வாங்கவில்லை. தூண் மறைவிலிருந்து வெளியே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி பேசினாள்.

"சார், நாலு மாசமா இந்தத் தொட்டியில எறங்கினது நான். வேலையை என் பேருக்கு மாத்துங்க. என் படம் போட்டு ஒரு அட்டை குடுங்க. இந்தக் கையோடவே எறங்குறேன்."

பெரிய அதிகாரி பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினார். "மனைவிக்கு முதல் உரிமைங்கிறது பொதுவா எழுதற கடிதம். ஆனா பெண்களைத் தொட்டிக்குள்ள எறக்கக் கூடாதுன்னு கம்பெனி விதி இருக்கும்மா. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

கயிறு பிடித்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கயித்தக்கா காறித் துப்பினாள்.

"சரி சார்," என்றாள் அவள். வீட்டில் மாமியார் என்ன ஆடுவாள், இன்றிரவு மகளோடு எங்கே படுப்பது, எல்லாம் அவள் நினைப்பில் ஓடின. ஓடட்டும். "அப்ப பேரு உள்ளவரே எறங்கட்டும்."

எல்லோர் கண்ணும் மாப்பிள்ளை மேல் திரும்பியது. பெரிய அதிகாரி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கயித்தக்கா அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை உருவி, பலகையில் தானே மாட்டினாள். மேஸ்திரி காலணியை இப்போது அவனிடம் நீட்டினார். அவன் ஏணியைப் பிடித்து ஒரு படி இறங்கினான். இரண்டாவது படியில் நின்றுவிட்டான். கீழே வாய்க்கால் வாயில் கறுப்புத் தண்ணீர் இன்னும் வடியாமல் சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணி," என்றான், அழுகை முட்டும் குரலில். "வாய்க்கால்ல ஆழம் எவ்வளவு இருக்கும் அண்ணி? எங்க கால் வைக்கணும்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி?" என்றாள் அவள். "நான் வேடிக்கை பாக்க வந்தவதானே."