முக்கால் வயலின், அதுலயும் செகண்ட்ஸ்

"அப்போ மொத வயலின் யாரு?"

"நஜியாதாம்மா."

"அவ உன்னவிட எத்தினி மார்க்கு ஜாஸ்தி?"

"மார்க்கெல்லாம் இல்லம்மா."

"மார்க்கே இல்லாம நீ எப்பிடிடி ரெண்டாவது வந்த?"

அனுப்பிரியா தோசையைப் பிய்த்தாள். ஏழாவது படிக்கிற பெண். அம்மா மாலதி இதே கேள்வியைத் தினம் ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறாள். அவளுக்குக் கேட்டு அலுக்கவில்லை, இவளுக்கு விளக்கத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கடலூர் முதுநகரில் அனு படிக்கும் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம், அதாவது இரண்டாயிரத்து ஒன்பதில், ஆறாவது முதல் எட்டாவது வரை உள்ள பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஆரோக்கியராஜ் சார், புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மாலதிக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோயில் திருவிழாவில் சீரியல் லைட் கட்டி, மேடை போட்டு, விடிய விடிய சினிமாப் பாட்டுப் பாடுவது.

"பாடப் போறது யாரு?" என்று முதல் நாளே கேட்டாள்.

"யாரும் பாட மாட்டாங்கம்மா. வயலின் மட்டுந்தான். அப்புறம் தரையில ஊனி வாசிக்கிற பெரிய வயலின் ஒண்ணு."

"பாட்டே இல்லாம என்னாடி ஆர்க்கெஸ்ட்ரா?"

அன்றைக்குப் பிடித்த குழப்பம். அது தெளிவதற்குள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வயலின் பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மாலதியின் அண்ணன் ராஜாமணியும் வந்து சேர்ந்தார். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் திறந்து பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பெட்டியைத் திறந்தார்.

"என்னா அனு, இவ்ளோ சின்னதா இருக்கு?"

"இது முக்கால் சைஸ் மாமா. என் கைக்கு இதான் சரியா வரும்."

"முக்காலா? மீதிக் கால எப்பத் தருவாங்களாம்?"

மாலதிக்குச் சுருக்கென்றது. யூனிஃபார்ம் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ரெண்டு வருஷம் வருகிற மாதிரி பெரிதாக வாங்குவதுதான் அவள் வழக்கம். "வளர்ற புள்ளன்னு சொல்லி முழுசா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வர வேண்டியதுதான?"

"கீழ மடிச்சுத் தைக்கறதுக்கு இது என்ன பாவாடையாம்மா?"

"வாய் மட்டும் முழு சைஸு. சரி, உனக்கு எந்த எடம் குடுத்திருக்காங்க?" என்றார் ராஜாமணி.

"செகண்ட் வயலின் மாமா."

அவ்வளவுதான். மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். "முக்கால் வயலின், அதுலயும் செகண்ட்ஸா! பழைய பைக்கு வாங்க வர்றவன்கூட இதவிட நல்லதா கேப்பான் மாலா!"

அனு பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கேதான் அவள் பயிற்சி. அப்பா அன்பரசுக்கு சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். பகலில் அவர் தூங்கியாக வேண்டும். அதற்கும் சார் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்.

"அம்மா, குதிரை மேல துணி கிளிப்பு மாட்டிட்டேன். சத்தம் அமுங்கிடும், அப்பா எழுந்திரிக்க மாட்டாரு."

"எந்தக் குதிரை?"

"கம்பியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குதே இந்த மரத்துண்டு, இதுக்குப் பேருதான் குதிரை."

மாலதி குனிந்து பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குதிரை தெரியவில்லை.

சத்தம் வந்தது. 'டுங். டுங் டுங். டுங்.' பிறகு ஒன்றுமில்லை. மறுபடி 'டுங். டுங் டுங். டுங்.' மறுபடி ஒன்றுமில்லை. வில்லைத் தூக்கிப் பிடித்தபடி பெண் சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏண்டி நின்னுட்ட? வாசி!"

"ஐயோ, எண்ணிக்கிட்டு இருந்தேம்மா! போச்சு, மொதல்லருந்து எண்ணணும்."

"எத எண்ணுற?"

"நான் சும்மா இருக்க வேண்டிய நேரத்த."

"சும்மா இருக்கறதுக்கு ஒரு வாத்தியாரு! அதுக்குப் பாண்டிலருந்து பஸ்ஸு வேற!"

ஒரு மாதம் ஆயிற்று, ரெண்டு மாதமும் ஆயிற்று. அதே டுங் டுங். பக்கத்து வீட்டு கொளஞ்சியம்மாள் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கேட்டேவிட்டாள். "என்னா மாலதி, ஊட்டுல தச்சு வேல நடக்குதா?"

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எதிர்வரிசையில் சலீமா பீவி வீடு. அவள் மகள் நஜியாதான் மொத வயலின். அந்த வீட்டு ஜன்னலிலிருந்து மெட்டு வழுக்கிக்கொண்டு வரும். படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரி சார் தானே போட்ட மெட்டு. ஆண்டு விழாவுக்கு அதைத்தான் வாசிக்கப் போகிறார்கள். கொளஞ்சியம்மாள்கூட அதை முனகிக்கொண்டே துணி அலசுகிறாள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே சார், ஒரே பாட்டு. அங்கே படகு போகிறது, இங்கே ஆணி அடிக்கிறார்கள். எப்படி?

மாலதி ஒரு முடிவுக்கு வந்தாள். விஷயம் தெரிந்த ஆளிடம் வாசித்துக் காட்டச் சொல்வது. பிள்ளை கற்றுக்கொள்கிறாள் என்று அவர் சொன்னால் இருக்கட்டும். இல்லையென்றால் வயலினை நிறுத்திவிட்டு அதே நேரத்தில் கணக்கு டியூஷன். அனுவுக்குக் கணக்கும் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

"நிறுத்திடாதம்மா" என்றாள் அனு.

சிதம்பரத்துக்கு ரயில் ஓடாத நேரம் அது. தண்டவாளத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில்தான் போனார்கள். "பொட்டிக்குள்ள என்னாம்மா, தையல் மிஷினா?" என்றார் கண்டக்டர்.

ராஜாமணி கடைக்கு மேல்மாடி லாட்ஜில் சேரன் என்று ஒரு பையன் தங்கியிருந்தான். கர்நாடக சங்கீதத்தில் வயலின் படிக்கிறவன். பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உக்காந்து வாசிம்மா" என்றான்.

"நின்னுகிட்டுதாண்ணா சொல்லிக்குடுத்தாங்க."

"சரி, நின்னுக்கோ."

டுங். டுங் டுங். டுங். பிறகு எண்ணிக்கை. சேரன் காத்திருந்தான். மாலதி காத்திருந்தாள். ராஜாமணி கொட்டாவி விட்டார். மறுபடி டுங். கடைசியில் அனு வில்லை இறக்கினாள்.

"இது என்ன ராகம்?" என்றான் சேரன்.

"தெரியலண்ணா."

"பல்லவி எங்க வருது?"

"இவ்ளோதாண்ணா இருக்கு."

சேரன் தலையைச் சொறிந்தான். "அக்கா, கை சுத்தமா இருக்கு. சுருதி பிசகல. தாளம் கெட்டியா நிக்குது. ஆனா இது பாட்டு இல்லக்கா."

"பின்ன என்னா தம்பி?"

"அதான் எனக்கும் புரியல."

"சங்கீதம் படிக்கிற பையனே கைய விரிச்சுட்டான்" என்றார் ராஜாமணி. அதோடு நிறுத்தவில்லை. "செகண்ட்ஸ் எடுத்தா அப்பிடித்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் மாலதி சொன்னாள். "திங்கக்கெழம போயி பொட்டியக் குடுத்துட்டு வந்துடறேன்."

அனு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆண்டு விழா வரைக்கும்மா. அப்புறம் நிறுத்திக்கலாம்."

"வேணாம்."

"செகண்ட்ல நானும் தமீமும் மட்டுந்தாம்மா. அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி, ஒரு வாரமா வரல. நானும் போவலன்னா யாருமே இல்ல."

"மொத வயலின்ல இருக்கறவங்க இருக்காங்கல்ல. அவுங்க பாத்துக்குவாங்க."

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அனுவை கேட் ஓரம் நிற்க வைத்துவிட்டு, மாலதி பெட்டியோடு உள்ளே போனாள். ஹாலில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சார் அவளைப் பார்த்து, 'உக்காருங்கம்மா, ஒரு நிமிஷம்' என்று கையாலேயே சொன்னார். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். "சார், பொண்ணுக்குக் கணக்கு வரல." வேண்டாம். "சார், அவுங்க அப்பாவுக்குத் தூக்கம் கெடுது." அதுவும் ஒருமாதிரி இருக்கிறது.

நஜியா மெட்டை எடுத்தாள். அவள் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய வயலின் அடியில் உறுமியது. படகு கிளம்பிவிட்டது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாலதிக்கு ஏதோ உறுத்தியது. மெட்டு ஒரு இடத்தில் நீண்டு நின்றது. அந்த இடத்தில் ஒன்று வர வேண்டும். வரவில்லை. அடுத்த வரியிலும் வர வேண்டும். வரவில்லை. படி இருக்கும் என்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லை என்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் தூக்கிப் போட்டது.

அவள் விரல் பெட்டி மேல் தட்ட ஆரம்பித்தது. விரலைப் பிடித்துக்கொண்டாள். வாய் ஆரம்பித்தது.

"டுங். டுங் டுங். டுங்."

முன்வரிசையில் ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். மாலதி கவனிக்கவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். சரியான இடம் வந்ததும் மறுபடி, "டுங். டுங் டுங். டுங்."

சார் கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

"யாரு அது, செகண்ட் வயலின்?"

"நான் இல்ல சார்" என்றாள் மாலதி.

ஹாலே சிரித்தது. நஜியா வாயைப் பொத்திக்கொண்டு, "அனு அம்மா சார்!" என்றாள்.

"நீங்கதாம்மா. கரெக்டா வந்தீங்க. இன்னொரு தடவ வாங்க."

"ஐயோ, எனக்கு இதெல்லாம் வராது சார். நான் பொட்டியக் குடுக்க..."

"வாசிக்க வேணாம். இப்ப சொன்னீங்களே, அத மட்டும் சொல்லுங்க."

மாலதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாயாலேயே சொன்னாள். பிள்ளைகள் வாசித்தார்கள். நீண்டு நின்ற இடங்களிலெல்லாம் அவள் டுங் போய் உட்கார்ந்தது. அதுவரை தண்ணீரைத் தொடாமல் போன படகுக்கு அடியில் அலை வந்த மாதிரி இருந்தது. முடிந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தனியா கேட்டா ஒண்ணுமே புரியாதும்மா" என்றார் சார். "வீட்டுல இருக்கறவங்கள ஒருநாள் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேக்க விட்டிருக்கணும். எனக்குத் தோணல."

"அப்போ செகண்ட்டுன்னா ரேங்க் இல்லியா சார்?"

"ரேங்க்கா?" சார் ஒரு நிமிஷம் முழித்தார். "இல்லம்மா. அது வேற வேல."

என்ன வேலை என்று மாலதி கேட்கவில்லை. விடுவிடுவென்று கேட்டுக்கு வந்தாள். "என்னாடி நின்னுக்கிட்டே இருக்க? உள்ள உன்னத் தேடறாங்க, போ!"

"பொட்டியக் குடுக்கலியா?"

"இந்தா, உங்கிட்டத்தான் குடுக்கறேன்."

ஆண்டு விழாவுக்கு ராஜாமணியும் வந்திருந்தார், கொளஞ்சியம்மாளும் வந்திருந்தாள். மைக் கீச்சிட்டு ஓய்ந்ததும் படகு கிளம்பியது. ராஜாமணி காதைக் குவித்துக் கேட்டார். "இதுல அனு சத்தம் எதும்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"தனியாக் கேக்காதுண்ணே."

"கேக்காததுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"ஏ மாலதி, நீ என்னாத்த முணுமுணுக்கிற?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

மாலதி 'இரு' என்று கையைக் காட்டினாள். எண்ணிக்கை விட்டுப்போய்விடும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நிம்மதி. விழா முடிந்து கூட்டம் கலையும்போது சார் வந்தார். "அடுத்த வருஷம் அனுவுக்கு முழு வயலின். கை வளந்துடும். ஃபர்ஸ்ட் வயலின்லயும் போடலாம்னு இருக்கேன்."

மாலதிக்கு நெஞ்சு குதித்தது. ரேங்க் இல்லை என்று தெரியும். தெரிந்தும் குதித்தது.

"நான் செகண்ட்லயே இருக்கேன் சார்" என்றாள் அனு.

"ஊட்டுல பேசிட்டுத் திங்கக்கெழம சொல்லு" என்று சார் போய்விட்டார்.

"மொத எடத்தக் கூப்புட்டுக் குடுக்கறாங்க, இது வேணாங்குதே!" ராஜாமணி தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாலதி மெதுவாகக் கேட்டாள். "ஏண்டி வேணாங்கற?"

"நஜியா வாசிக்கறது எல்லாருக்கும் கேக்குதும்மா. நான் வாசிக்கறது நஜியாவுக்குக் கேக்குது. நான் நிறுத்தினா அவ திரும்பிப் பாக்கறா."

இதற்கு என்ன சொல்வது? சந்தோஷப்படுவதா, முதுகில் ஒன்று வைப்பதா? பெண் தெரிந்து சொல்கிறாளா, பயந்துகொண்டு ஒதுங்குகிறாளா? முழு வயலின் வந்தால் அடுப்படிச் சுவரில் வில் இடிக்குமே என்றுகூட யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழம்பைக் கிளறும்போது வாய் மட்டும் தன்பாட்டுக்கு டுங் டுங் என்றது.

திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். நீங்கள் மாலதி இடத்தில் இருந்தால் பெண்ணை முன்வரிசைக்குத் தள்ளுவீர்களா, அவள் இஷ்டத்துக்கே விட்டுவிடுவீர்களா? சொல்லுங்களேன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?