பதினான்கு நட்சத்திரங்கள்

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. திரையில் ஒரு சிவப்புப் பந்து. பட்டனை ஒருமுறை தட்டினால் நிதானமாகக் குதிக்கும். பாடம் நடத்துகிறவர் வேண்டுமென்றே படபடவென்று பத்துத் தடவை தட்டினார். பந்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மேலே போகிறதா கீழே வருகிறதா என்றே தெரியாமல் வெட்டிவெட்டித் துடித்தது.

"யார் வீட்டுப் பாடம்னு சொல்ல மாட்டேன், மானம் போயிடும்," என்றார். "தப்பு எங்கன்னு பாருங்க. ஒவ்வொரு தட்டுக்கும் புதுசா ஒரு டைமர் கிளம்புது. பழசை யாரும் நிறுத்தலை. பத்து தட்டுன்னா பத்து டைமர், பத்தும் சேர்ந்து ஒரே பந்தைப் போட்டு ஆட்டுது. புதுசை ஓட விடறதுக்கு முன்னாடி பழசை நிறுத்தணும். ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் எல்லாரும் மறக்கறீங்க."

சித்தி மட்டும் சிரிக்கவில்லை.  அந்த வரியை அவளும் எழுதவில்லை.

பல் ஆஸ்பத்திரி முன்மேசையில் பதினேழு வருடம் உட்கார்ந்து "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லியே நாக்கு தேய்ந்துபோன பெண் அவள். நாற்பத்தோரு வயதில், இனிமேலாவது கையால் ஏதாவது செய்வோம் என்று ஞாயிறு காலை வகுப்பில் சேர்ந்தாள். கண்ணாடிக் கடைக்கு மேலே உள்ள அறை, எட்டு கம்ப்யூட்டர், அதில் இரண்டு எப்போதும் படுத்திருக்கும். அசையும் படங்களும், தொட்டால் பதில் சொல்லும் பக்கங்களும் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவள் முழுசாகச் செய்து முடித்தது ஒன்றே ஒன்று. அதை இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் அக்கா மகளுக்கு அனுப்பியிருந்தாள்.

குருவி என்றுதான் எல்லோரும் அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். இன்றைக்கு இருபது வயது முடிகிறது. சித்தி அனுப்பிய வாழ்த்துப் பக்கத்தில் கருப்பு வானம், நடுவில் ஒரு நிலா. பக்கம் திறந்திருக்கும்வரை போன் திரை தானாக அணையாது. நிலாவைத் தட்டத் தட்ட ஒவ்வொரு நட்சத்திரமாக வரும். வானம் முழுக்க வெளிச்சமாகி அணையும், நொடிக்கு ஒருமுறை. நொடிக்கு ஒருமுறைதான் என்று சித்தி எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாள்! ஏனென்றால் குருவிக்கு ஃபிட்ஸ் உண்டு. அதுவும் வேகமாக மின்னும் வெளிச்சத்தைப் பார்த்தால் வருகிற ஃபிட்ஸ். நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னுகிற எதுவும் அவள் கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் சொன்னது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

நேற்று சரிபார்த்தபோது மூன்றாவது தட்டில் வானம் கொஞ்சம் வேகமாகத் துடித்த மாதிரிதான் இருந்தது. கண் அசதி என்று விட்டுவிட்டாள். அட மடச்சி! இன்னும் நாலு தட்டு தட்டிப் பார்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

வகுப்பில் போன்களை ஒரு கூடையில் போட்டு வைப்பது வழக்கம். சித்தி நாற்காலி சரிய எழுந்து ஓடிப்போய்த் தன் போனை எடுத்தாள். பத்து பத்துக்குக் குருவியிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது. "சித்தி சூப்பர்!! எத்தனை ஸ்டார் வரைக்கும் வரும்?"

இப்போது மணி பத்து இருபத்தைந்து. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

"சார், நான் போட்ட பக்கத்தை உடனே எடுக்கணும்," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. அவள் சொல்லச் சொல்ல, அவர்தான் பாஸ்வேர்டைத் தட்டி சர்வரிலிருந்து பக்கத்தை அழித்தார்.

"போயிடுச்சு. இனிமே யாரும் திறக்க முடியாது."

"ஏற்கெனவே திறந்து வச்சிருந்தா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு காணாமல் போயிருந்தது. "திறந்தாச்சுன்னா நீங்க எழுதின அந்த ஸ்கிரிப்ட் அவங்க போனுக்குப் போயிடுச்சும்மா. அது அங்கேயே ஓடும். இங்கேருந்து நிறுத்த முடியாது."

பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். கிடைத்த வண்டியில் ஏறி, வழியெல்லாம் குருவிக்கு அடித்தாள். ஒன்பது தடவை. அக்கா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் மேற்பார்வை. ஆபீஸ் நம்பர் இருந்தது, கூப்பிட்டால் ஆள் அனுப்பி வரவழைப்பார்கள். அந்த நம்பருக்கு மட்டும் அடிக்கவில்லை. ஒன்றுமே நடந்திருக்காது, குளித்துக்கொண்டிருப்பாள், வீணாக அக்காவை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பொய். அக்காவுக்குப் பயந்தாள், அவ்வளவுதான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அவளுக்கு உயிரே போய்விடும் போலிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்!"

"பறக்கவாம்மா சொல்றீங்க?" என்றார் வண்டிக்காரர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவர், விளக்கு மாறியதும் வண்டியை முறுக்கினார்.

நாலாவது மாடி. லிஃப்ட் மேலே எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. படியேறினாள். அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது, குளியலறைக்குக்கூடக் கிடையாது. முதல்முறை ஃபிட்ஸ் வந்த வாரமே அக்கா எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டாள். வாசல் சாவி சித்தியிடம் ஒன்று உண்டு. பூட்டுக்குள் அது நுழைய மறுத்தது. தலைகீழாகப் பிடித்திருந்தாள், திருப்பிப் போட்டுத் திறந்தாள்.

"குருவி! குருவிம்மா!"

பதில் இல்லை. ஜன்னல் திரை இழுத்துவிட்ட அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அந்தப் பெண் தரையில் கிடந்தாள். உதட்டோரம் எச்சில், பல் பட்டுக் கொஞ்சம் ரத்தம். கட்டிலுக்கு அடியில் போன் கிடந்தது. அந்த மூலை முழுக்க வெள்ளையும் கருப்புமாக வெட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்து செய்த வானம். சித்தி அதைக் காலால் எட்டித் தள்ளிக் கவிழ்த்துவிட்டு மண்டியிட்டாள்.

மூச்சு இருந்தது. இழுத்து இழுத்து, குறட்டை மாதிரி. கைகால் வெட்டுவது நின்றுவிட்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தலையணை கொடுத்து, வாயைத் துடைத்தாள். "சாமி, சாமி" என்று அவள் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தச் சாமி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதன்பிறகுதான் ஆபீஸ் நம்பருக்கு அடித்தாள். "அக்கா, குருவிக்கு ஃபிட்ஸ் வந்திருக்கு. இப்ப தூங்கறா. நீ வா." அவ்வளவுதான் சொன்னாள். ஏன் வந்தது என்று சொல்லவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் குருவி கண் திறந்தாள். இது எந்த ஊர், இவள் யார் என்பது போலப் பார்த்தாள். மெதுவாக நினைவு வந்தது.

"வந்துடுச்சா சித்தி?"

"ம்."

"இன்னும் ஒரே மாசம் இருந்துச்சு," என்று அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடம் ஃபிட்ஸ் வராமல் இருந்தால் மாத்திரையைக் குறைக்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபத்து மூன்று மாதம் ஓடியிருந்தது. இனி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

"எத்தனை தடவை தட்டினே கண்ணு?"

"பதினாலு வரைக்கும் எண்ணினேன். வேகமாத்தான் அடிச்சுது. ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு போனைக் கவுத்துடணும்னு தெரியும். ஆனா நீ எனக்காகப் பண்ணதாச்சே, தப்பா எதுவும் இருக்காதுன்னு நினைச்சேன்."

 சித்தி அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். குருவி சட்டென்று அவள் கையை அழுத்தினாள். "நீ பேசாம இரு. அம்மாகிட்ட நான் பாத்துக்கறேன்."

அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள். மகளை நெற்றி, கன்னம், நாக்கு என்று பரிசோதித்தாள். "எப்படிடி? எதனால?"

"ராத்திரி சரியாத் தூங்கலைம்மா. அதான்."

"தூங்கினதும் தெரியும், குறட்டை விட்டதும் தெரியும்." அக்கா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "காரணமே இல்லாம வருதுன்னா டோஸைக் கூட்டிடுவாங்க. போன தடவை கூட்டினப்ப எட்டு மாசம் சோறு தின்னுட்டே தூங்கினே. காலேஜ் போச்சு. மறுபடியுமா?"

"பரவால்லைம்மா."

அந்தப் பரவாயில்லைக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. சித்தி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. பக்கத்தையும் அழித்தாயிற்று. மாத்திரையை விழுங்கப் போவது குருவி.  வகுப்பில் பயந்தது, வண்டியில் பயந்தது எல்லாம் இதற்குமுன் ஒன்றுமேயில்லை.

"காரணம் இருக்குக்கா," என்றாள். "நான்தான். பிறந்தநாளுக்குன்னு ஒண்ணு பண்ணி அனுப்பினேன். அதுல ஒரு வரி விட்டுட்டேன். தட்டத் தட்ட வேகமா மின்னுச்சு. நேத்தே லேசா சந்தேகம் வந்துச்சு, சரியாப் பாக்கலை."

அக்கா திரும்பினாள். அடிப்பாள் என்றுதான் சித்தி நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்த வீட்டுல ஒரு டியூப்லைட் துடிக்க விட்டிருக்கேனா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள். "டிவியில வெளிச்சம் வெட்டினா ஓடிப்போய் முன்னாடி நிப்பேன். இருபத்து மூணு மாசம்டி. வெளி ஆளுங்களைத்தான் பாத்து பாத்து பயந்தேன்."

"அம்மா, விடும்மா," என்றாள் குருவி.

"நீ சும்மா இரு." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைச் சொன்னா டோஸைக் கூட்ட மாட்டாங்களா?"

"தெரியலைக்கா. கூட்டாம விடலாம். டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப நீயே வந்து சொல்லு. ஒவ்வொரு வரியா, நீ என்ன பண்ணே, எதை விட்டேன்னு. எனக்கு இந்த எழவெல்லாம் சொல்லத் தெரியாது."

மூவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். லிஃப்ட் இன்னும் வரவில்லை. முதல் படியில் குருவி லேசாகத் தள்ளாட, சித்தி சட்டென்று அவள் தோளைப் பிடித்தாள். அக்கா அந்தக் கையை எடுத்து விலக்கிவிட்டு, மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீ பின்னாடி வா," என்றாள்.

சித்தி நாலு மாடியும் பின்னாலேயே இறங்கினாள்.