பெரிய மணிக்குப் பின்னால் இரண்டு

2025 யூன் 14, சனிக்கிழமை, பிற்பகல் 1.55. ஸ்டுட்கார்ட் மருத்துவமனை ஒன்றின் நான்காம் மாடியில், லவினியா தன் அப்பாவின் வலது கையை விரித்துச் செபமாலையை வைத்தாள். பெருவிரலைப் பெரிய மணியின்மேல் பொருத்திவிட்டாள்.

“பாத்தியே, மாலையைக் கேட்டு வாங்கிறார்,” என்று அம்மா ஞானமலர் தன் தங்கை ரஞ்சினியிடம் சொன்னார். “ரெண்டு நாளா தண்ணிகூடக் கேக்காத மனுசன்.”

ரஞ்சினி மூக்கைத் துடைத்துக்கொண்டு கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சிலுவை அடையாளம் போட்டுச் செபத்தைத் தொடக்கினார்.

அப்பா மாலையைக் கேட்டது செபத்துக்கு அல்ல. இரண்டு மணிக்கு ஆட்டம். அந்த அறையில் இது லவினியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா யோசப் 1989இல் மன்னாரிலிருந்து வந்தவர். ஐரிஷ்காரர் ஒருவர் நடத்திய மதுச்சாலையின் சமையலறையில் இருபத்திமூன்று வருடம் நின்றார். முதலாளி தன் நாட்டுப் பந்தாட்டத்துக்காகப் பெண்கள் கழகம் ஒன்றைத் தொடங்கியபோது ஆள் போதவில்லை. சமையலறைக்குள் வந்து கேட்டார். அடுத்த சனிக்கிழமை யோசப் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். இப்போது லவினியாவுக்கு முப்பத்திரண்டு. ஒன்பது வருடமாக அவள்தான் தலைவி. முதுகில் பதினொன்றாம் எண்.

கேலிக் கால்பந்து என்ற அந்த ஐரிஷ் ஆட்டத்தில் பந்தைக் கையாலும் எடுக்கலாம். இரண்டு உயரக் கம்பங்களும் நடுவே ஒரு குறுக்குச் சட்டமும் இருக்கும். சட்டத்துக்கு மேலால் அடித்தால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று புள்ளி. பலகையில் கோலையும் புள்ளியையும் தனித்தனியாகப் போடுவார்கள். யார் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று பார்ப்பவர்தான் கூட்டிக் கழிக்கவேண்டும். யோசப்புக்கு அது தொல்லையாக இருந்தது. சட்டைப்பையில் கிடந்த செபமாலையை எடுத்தார். பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி இருக்கும்; பெரிய மணி என்றால் சமநிலை. எங்களுடைய ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மணி முன்னுக்கு, அவர்களுடையதற்கு ஒரு மணி பின்னுக்கு. எந்தக் கணத்தில் கேட்டாலும் பெருவிரல் நிற்கும் இடம்தான் கணக்கு.

தமிழ்ச் சுவாமி ஒருவர் ஒரு தடவை மைதானத்துக்கு வந்திருந்தார். அடுத்த ஞாயிறு பூசையில், பிள்ளை பந்தடிக்கும்போதும் செபமாலையை விடாத தகப்பன் ஒருவரைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். ஞானமலர் முன்வாங்கில் நிமிர்ந்து இருந்தார். யோசப் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தும் அவர் அதைத் திருத்தவில்லை. ஆனால் கணக்கு பிழைத்தால் அவருக்குப் பொறுக்காது. நடுவர் ஒரு புள்ளியைத் தவறவிட்ட இரண்டு தடவைகளும், மணியைப் பிடித்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறார்.

கைப்பேசி அதிர்ந்தது. மைதானத்திலிருந்து மகேந்திரராஜா எழுதியிருந்தார்: ‘தொடங்கிட்டுது. வெயில். அந்தப் பிள்ளை முன்னுக்கு நிக்குது.’

லவினியா அப்பாவின் காதருகே குனிந்தாள். “தொடங்கிட்டுதாம், அப்பா. பதினொண்டு ஹரிப்ரியா.”

அவர் கண்களை மூடித் திறந்தார்.

மகேந்திரராஜா அதே சமையலறையில் பாத்திரம் கழுவியவர். அவரும் யோசப்பும் சனிக்கிழமைகளில் எல்லைக்கோட்டில் நின்று இரண்டு வருடமாக ஒரே சண்டையைப் பிடித்தார்கள். பதினேழு வயதுக்கு உட்பட்ட அணி எல்லோரையும் வென்றுகொண்டிருந்தது. பெரிய அணி எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்தது. சின்னவர்களை இப்போதே மேலே ஏற்றவேண்டும் என்றார் யோசப். ஏற்றினால் இரண்டு அணியும் கெடும் என்றார் மகேந்திரராஜா.

மார்ச் மாதத்து ஆட்டம் ஒன்றின் இடைவேளையில் அவர்கள் பேசியதை லவினியா கேட்டாள். மூன்றடி பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

“சின்னப் பிள்ளையளை நம்பிப் பெரிய மெட்ச் ஆடேலாது, யோசப்பண்ணை. ஒரு தள்ளுத் தள்ளினா விழுந்திடுவினம்.”

“விழுந்தா எழும்புவினம். உம்மட ஆக்கள் விழுந்தா அம்புலன்ஸ் வரவேணும்.”

“என்ரை ஆக்களோ? உங்கட மகளும் அதுக்குள்ளதான் நிக்கிறா.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். அவளின்ர கால் மெதுவாகிட்டுது. பந்து வந்த பிறகுதான் திரும்புறாள். பதினொண்டை ஹரிப்ரியாவுக்குக் குடுக்கவேணும்.”

“இதை வீட்டிலை சொல்லுவியளோ?”

“வீட்டிலை சோறு தருகினம். இங்கைதான் கதைக்கலாம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். லவினியா இரண்டாம் பாதி முழுவதும் ஆடினாள். அதற்குப் பிறகு வீட்டில் பந்தாட்டம் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் ஏனென்று கேட்கவில்லை. ஏப்ரலில் கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். மேயில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். அவளுடைய காலைப் பற்றி அவர் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். கட்டிலருகே இருந்த ஒவ்வொரு பின்னேரமும் காத்திருந்தாள்.

நேற்று மருத்துவமனை வாசலில் ஹரிப்ரியாவிடம் லவினியா தன் பதினொன்றாம் எண் உடுப்பைக் கொடுத்தாள். அவள் மியூனிக் அருகே கார்ஹிங்கில் ஆராய்ச்சி வேலை பார்த்துவிட்டு இங்கே குடிவந்த கோவிந்தராஜன் என்பவரின் மகள். பதினாறு முடிந்து ஐந்து மாதம்.

“அக்கா, நான் வேற நம்பர் போட்டுக்கறேன். எக்ஸ்ட்ரா ஒண்ணு இருக்கு,” என்றாள் ஹரிப்ரியா.

“இல்லை, இதையே போடும்.”

“அங்கிளுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“அவருக்குச் சந்தோசமா இருக்கும்,” என்றாள் லவினியா.

2.20 வரை மணிகள் முன்னுக்கும் பின்னுக்குமாக அசைந்தன. ‘எங்களுக்கு 1.’ அவள் காதுக்குள் சொன்னாள், பெருவிரல் நகர்ந்தது. ‘அவைக்கு 1.’ திரும்பி வந்தது. ‘எங்களுக்கு கோல். அந்தப் பிள்ளைதான்.’ அவள் ஒரு மூச்சு விட்டுத்தான் அதைச் சொன்னாள். “கோல், அப்பா. ஹரிப்ரியா அடிச்சது.” மூன்று மணி நகர ஒரு நிமிடம் எடுத்தது. அவளும் கூடவே எண்ணினாள்.

ரஞ்சினி செபத்தை முன்சொன்னார், ஞானமலர் பின்சொன்னார். மகள் காதுக்குள் ஏதோ சொல்வதை அவர்கள் கண்டார்கள். செபம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். தாதி வந்து மருந்துப் பம்பைப் பார்த்தாள், சுவாசத்தை எண்ணினாள், யன்னலைச் சற்றுத் திறந்துவிட்டுப் போனாள்.

இடைவேளையில் இரண்டு புள்ளி முன்னுக்கு. எதிரே ஆடிய கார்ல்ஸ்ரூஹே, போன வருடம் இவர்களைப் பதினொரு புள்ளியால் வென்ற அணி. மகேந்திரராஜா எழுதினார்: ‘சின்னனுகள் ஓடுதுகள். கிழவனிட்டைச் சொல்லு, இன்னும் முடியேல்லையெண்டு.’

“இன்னும் முடியேல்லையாம்,” என்றாள் அவள். அப்பாவின் வாயோரம் லேசாக இழுத்துக்கொண்டது. மகேந்திரராஜாவுக்குப் பதில் சொல்ல முன்னர் அவர் காட்டும் முகம் அது.

பதினைந்து நிமிட இடைவேளையில் பெருவிரல் இரண்டாம் மணியை விட்டு அசையவில்லை. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடியிருந்தது. ரஞ்சினி மூன்றாம் தடவையாகச் செபமாலையைத் தொடங்கினார்.

3.02க்குக் கைப்பேசி அதிர்ந்தது. ‘அவைக்கு கோல்.’

லவினியா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ இறுக்கம் தளர்ந்தது. அது துக்கமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கைப்பேசியை மற்றக் கைக்கு மாற்றினாள், ஈரமாயிருந்த உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தாள், குனிந்தாள்.

“அப்பா, அவைக்கு கோல். மூண்டு பின்னுக்கு.”

அவர் கேட்டார். விரல் ஒரு மணி பின்னுக்கு வந்தது. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று. பெரிய மணியைத் தொட்டது. அதையும் தாண்ட அவர் நகத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது ஞானமலர் கண்டுவிட்டார்.

“ஐயோ, பின்னுக்கெல்லே போறார். மணி பிசகுது.” அவர் எழும்பி வந்து கணவரின் கையைத் தன் இரு கைகளாலும் பிடித்தார். “நாங்கள் ஏழாவது மணியில நிக்கிறம், இஞ்சாருங்கோ. நான் வைச்சுவிடுறன்.” குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்துக் காட்டுவதுபோல, அவருடைய பெருவிரலை மணி மணியாக முன்னுக்கு நகர்த்தி ஏழாவதில் வைத்தார். தலையைத் தடவிவிட்டுப் போய் இருந்தார்.

யோசப் கண்ணைத் திறந்தார். விரலுக்கடியில் இருந்த மணியைத் தடவினார். திரும்பப் பெரிய மணி வரை தடவி எண்ணிப் பார்த்துவிட்டு வந்து அதே இடத்தில் நின்றார். பிறகு லவினியாவைப் பார்த்தார். அந்தக் கிழமையில் அவள் கண்ட பார்வைகளுக்குள் அதுதான் தெளிவானது.

“சொன்னனான்தானே,” என்றார்.

அவள் வாயைத் திறந்தாள். அம்மா பிழையாக வைத்துவிட்டா, ஏழு முன்னுக்கு இல்லை, ஒன்று பின்னுக்கு நிற்கிறோம், இன்னும் பத்து நிமிடம் கிடக்கிறது. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. கையில் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. அவள் அதைப் பார்க்காமல் காற்சட்டைப் பைக்குள் போட்டாள்.

“என்னவாம்?” என்று ஞானமலர் கேட்டார்.

“ஒண்டுமில்லையம்மா.”

3.19க்கு அவர் இறந்தார். ரஞ்சினி சொல்லிக்கொண்டிருந்த மந்திரத்தைப் பாதியில் விடாமல் முடித்த பிறகுதான் அழத் தொடங்கினார்.

ஐந்து மணிக்கு மகேந்திரராஜா மாடிக்கு வந்தார். சப்பாத்தில் புல் ஒட்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நடைகூடத்தில் இருந்த தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கிளாசில் தண்ணீர் பிடித்தார், குடிக்கவில்லை.

“கடைசிக் கணக்கு என்ன, மாமா?”

“இப்ப அதையோ பிள்ளை கேக்கிறாய்?”

“சொல்லுங்கோ.”

“ரெண்டாலை தோத்திட்டம். கடைசிப் பத்து நிமிசம் சின்னனுகளுக்குக் கால் ஏலாமல் போச்சு.” அவர் கிளாசைச் சுழற்றினார். “ஆனா அந்தப் பிள்ளை ஒரு கோலும் நாலு பொயின்றும். நாங்கள் அடிச்சதில பாதிக்கு மேலை அவள்தான். உன்ர அப்பரிட்டைச் சொல்லி ரெண்டு பேச்சு வாங்குவமெண்டுதான் ஓடி வந்தனான்.”

லவினியா சுவரில் சாய்ந்தாள். “மார்ச்சுக்குப் பிறகு என்னைப்பற்றி ஏதும் சொன்னவரோ?”

மகேந்திரராஜா பொய் சொல்லத் தெரியாதவர். கிளாசை இயந்திரத்தின்மேல் வைத்தார்.

“கால் மெதுவாகிட்டுது எண்டு சொன்னவர்.”

“அது எனக்குத் தெரியும்.”

“பிறகும் ஒருக்காச் சொன்னவர்,” என்றார். “அதையேதான்.”

வியாழன் திருவிழா விடுமுறை. ஆகவே யூன் 20, வெள்ளிக்கிழமைக்குத்தான் கல்லறைத்தோட்டத்தில் நேரம் கிடைத்தது. மண்டபம் பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை இவர்களுக்கு. பன்னிரண்டுக்கு வேறு ஒரு குடும்பம். உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. ரஞ்சினியின் மகன் முக்காலியில் பூட்டிய கமெராவால் கனடாவுக்கும் மன்னாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். யோசப்புக்குச் சாம்பல்நிறக் கோட் போட்டிருந்தார்கள். செபமாலையை இரண்டு கைகளையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, சிலுவை மேலே வரும்படி அழகாக வைத்திருந்தார்கள்.

பின்வரிசையில் ஹரிப்ரியா பெற்றோருடன் நின்றாள். கையில், பதினொன்றாம் எண் உடுப்போடு ஒரு கடதாசிப் பை.

“துவைச்சுட்டேன் அக்கா,” என்று வரும்போதே சொல்லியிருந்தாள். “கறை போயிடுச்சு.”

“நீரே வைச்சிரும்,” என்று லவினியா சொல்லியிருந்தாள்.

பதினொன்று இருபதுக்குக் கறுப்பு உடுப்புப் போட்ட மண்டப ஊழியர் வந்து கதவோரம் நின்றார். லவினியா அவரிடம் போய், மாலையைத் தொடலாமா என்று ஜெர்மனில் கேட்டாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

கை குளிர்ந்து விறைத்திருந்தது. ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்? வடிவாத்தானே வைச்சிருக்கினம்,” என்றார் ஞானமலர்.

“மணி பிசகியிருக்கு, அம்மா.”

ஞானமலர் மகளைப் பார்த்தார். பிறகு கைலேஞ்சியை முகத்துக்குக் கொண்டுபோய், விலகி இடம் விட்டார்.

லவினியா ஒரு பெரிய மணியைத் தேடிப் பிடித்தாள். அதிலிருந்து பின்னுக்கு ஒன்று, இரண்டு. அந்த மணியை அப்பாவின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்தாள். பெருவிரல் வளைய மறுத்தது. வளையும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியின் மற்றப் பக்கத்தில் மகேந்திரராஜா கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணி முடித்ததும் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.

பதினொன்று முப்பத்திரண்டுக்குப் பெட்டியை மூடினார்கள்.

யூன் 28, சனிக்கிழமை, அடுத்த ஆட்டம் நடந்தது. பதினொன்றாம் எண்ணில் ஹரிப்ரியா ஆடினாள். லவினியா எல்லைக்கோட்டில் மகேந்திரராஜாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அணி நான்கு புள்ளியால் தோற்றது.