எண்பத்து மூன்றாம் இதழின் கடிதம்

கிளிநொச்சியில் சித்திரக்கதைத் திருவிழா நடக்கப்போவதாக முகநூலில் கண்ட அன்றே கலிஸ்ரா, தான் வேலை செய்யும் நண்டுக் கொம்பனியில் லீவு கேட்டுவிட்டாள்.

"என்ன விசேஷம்?" என்றாள் மேற்பார்வையாளர் ஞானேஸ்வரி.

"படக்கதைக்காரர் இந்தியாவிலயிருந்து வருகினம். பாக்கப் போறன்."

"நாப்பது வயசில படக்கதையோடி? கலியாணம் எண்டு கேட்டிருந்தா ரெண்டு நாளே தந்திருப்பன்."

நண்டு உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கலிஸ்ராவும் சிரித்தாள்.

போகிற உண்மையான காரணத்தை அவள் அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. தம்பி றொமேஸ் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்கப் போனவன், பாத்திரத்தோடு திரும்பி வரவில்லை. சண்டை முடிந்ததும் அடைக்கப்பட்ட முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, 2011இல், வவுனியா பஸ் நிலையப் புத்தகக் கடையில் சென்னையிலிருந்து வரும் 'நீலக்கடல்' என்ற சித்திரக்கதைப் பத்திரிகையின் எண்பத்து மூன்றாம் இதழைக் கண்டாள். பாதை திறந்திருந்த சமாதான காலத்தில் றொமேஸ் பைத்தியமாக வாசித்த பத்திரிகை. வாங்கிப் பிரித்தால், வாசகர் கடிதப் பக்கத்தில் அவன் பெயர் கிடந்தது.

'மாலுமி கபிலன் வள்ளத்தைக் கட்டும் முடிச்சு பிழை. இப்படிக் கட்டினால் விடியும்போது வள்ளம் கரையில் இராது. ஓவியர் எங்கள் ஊருக்கு வந்தால் சரியான முடிச்சைக் காட்டித் தருவேன். - ம. றொமேஸ், முல்லைத்தீவு.'

வன்னியை வெளியோடு இணைத்த ஏ9 பாதையைப் பூட்டியது 2006இல். அதற்குப் பிறகு வன்னியிலிருந்து சென்னைக்கு எந்தக் கடிதம் போனது? அப்படியென்றால் சண்டை முடிந்த பிறகு எங்கோ இருந்து அவன் எழுதியிருக்கிறான். தாய் புனிதமலர் அந்தப் பக்கத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படித்தான் சொன்னா. கலிஸ்ராவும் நம்பினாள். காணாமற்போனவர்கள் பற்றிய விசாரணைக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு அரசாங்கக் கந்தோருக்கும் அதன் போட்டோப் பிரதி போனது. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றவர்களிடம் புனிதமலர் அதே பக்கத்தை நீட்டினா. நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் வாசிப்பதற்கு ஊரார் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். புனிதமலர் புருஷனின் பெயரை மட்டும் கொடுப்பா. றொமேஸுக்கு அவன் பிறந்த நாளில் நன்றிப் பூசை.

அடுத்த கடிதம் வரும் என்று கலிஸ்ரா மாதாமாதம் இதழ் வாங்கினாள். முதலில் கடிதப் பக்கத்தை மட்டும் பார்த்தாள். போகப்போகக் கபிலன் எந்தத் தீவில் சிறைப்பட்டிருக்கிறான் என்றும் பார்க்கத் தொடங்கி, பதின்மூன்று வருடத்தில் அவளும் ஒரு ரசிகையாகிவிட்டாள். தம்பி எங்கிருந்து எழுதினான் என்று கேட்டு ஆசிரியருக்கும் எழுதினாள். 2013இல் போட்ட கடிதம் 2015இல் அச்சில் வந்தது. புகழ்ந்த இரண்டு வரி இருந்தது. கேள்வி இல்லை. அந்த இரண்டு வருட இடைவெளியை அப்போதே யோசித்திருக்கலாம். அவள் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை முல்லைத்தீவில் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிப் பரந்தனில் மாறி, ஒன்பதுக்குத் திருவிழா மண்டப வாசலில் நின்றாள். கபிலனாக வேடம் கட்டிய கம்பஸ் மாணவன் ஒருவன் கம்பளிச் சட்டைக்குள் வியர்த்துக்கொண்டு, மட்டை நங்கூரத்தால் விசிறிக்கொண்டிருந்தான்.

"அன்ரி, பிள்ளையை உள்ளுக்கை விட்டிட்டு இதில கதிரையில இருக்கலாம்."

"நான்தான் தம்பி பிள்ளை. நங்கூரத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறீர்."

அவன் நங்கூரத்தைத் திருப்பிப் பிடித்தான். வரிசை நீளம். மேசையில் இருவர் இருந்தார்கள்: ஆசிரியர் சேதுராமன், மெலிந்த, வெள்ளைத் தலைக்காரர், பக்கத்தில் கபிலனைப் படைத்த ஓவியர் மணிவாசன். கேட்பவர்களுக்கு ஓவியர் ஒரு படம் கீறி, பெயரும் தேதியும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கலிஸ்ராவின் முறை வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்த பக்கத்தை மேசையில் வைத்தாள். 

ஓவியர் குனிந்து வாசித்தார். முகம் மலர்ந்தது.

"சார், இங்க பாருங்க! நம்ம முடிச்சுத் தம்பி! ஏம்மா, உங்களுக்கு இவர் யாரு?"

"என்ர தம்பி."

"இந்தக் கடுதாசியைப் படிச்சிட்டு மெரினாவுக்குப் போய் மீனவர்கள்கிட்ட முடிச்சு போடக் கத்துக்கிட்டேன்மா. அதுக்கப்புறம் கபிலன் ஒரு தடவைகூடத் தப்பாக் கட்டினதில்ல." பேசிக்கொண்டே தாளை இழுத்து, படகையும் கயிற்றையும் கீறத் தொடங்கினார். "எனக்கு நல்லா ஞாபகம். என் பொண்ணு பொறந்த வாரம். ஆஸ்பத்திரில உக்காந்துதான் படிச்சேன். அவ இப்போ காலேஜ் போறா, பதினெட்டு வயசு."

கலிஸ்ரா அந்தப் பதினெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் எண்ணினாள்: 2006.

"ஐயா, இது 2011இல வந்த புத்தகம்."

"அச்சானது அப்போம்மா," என்றார் ஆசிரியர். "அந்த வருஷம் லெட்டரே குறைஞ்சு போச்சு. அந்தக் கதையை மறுபதிப்புப் போட்டிருந்தோம். அதைப் பத்தின பழைய லெட்டர் பெட்டியில இருந்துது. நல்ல லெட்டர், எடுத்துப் போட்டேன். தேதியை எப்பவும் எடுத்துடுவோம்."

"பிறகு அவனிட்டயிருந்து ஏதும்..."

"இல்லையேம்மா. ஏன், தம்பி இப்போ எங்க இருக்கார்?"

"அக்கா, கெதியா," என்றது வரிசை.

 ஆசிரியர் அவள் முகத்தைப் பார்த்தார். உறைக்குள் பழுத்துப்போயிருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். ஓவியர் ஒன்றும் விளங்காமல் படத்தை நீட்டினார். 'முடிச்சு கற்றுத் தந்த தம்பி றொமேஸுக்கு, அன்புடன் மணிவாசன், 26.10.2024.'

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார் ஆசிரியர்.

"நீங்கள் என்ன செய்வியள்? நல்ல கடிதம்தானே," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

பஸ்ஸில் புதுக்குடியிருப்பு வரும்வரை பொய்களைத்தான் யோசித்தாள். ஆசிரியர் வரவில்லை எனலாம். கேட்க விடவில்லை எனலாம். மடியில் படம் இருந்தது. அவனுடைய பெயர், இன்றைய தேதி. கந்தோரில் கொடுத்தால் இதற்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. புனிதமலர் வாசலிலேயே கேட்டா.

"கேட்டனியோ?"

கலிஸ்ரா படத்தைக் கொடுத்தாள். தாய் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தா. தேதியில் விரல் நின்றது.

"இண்டைக்குத்தானே போட்டிருக்கு. அப்ப... அவன் அங்க வந்தவனோ?"

யோசித்து வைத்த பொய் ஒன்றுக்கும் அந்த முகத்துக்கு முன்னால் வாய் வரவில்லை.

"இல்லையம்மா. பேர் அந்தக் கடிதத்திலயே கிடந்தது. அதைப் பாத்துத்தான் எழுதினவர். தேதி அவையள் போடுறது."

"அப்ப அந்தக் கடிதம்?"

"பாதை பூட்ட முதல் எழுதினதாம். அவையின்ர பெட்டிக்குள்ள கிடந்ததாம்."

புனிதமலர் படத்தைத் திரும்பவும் பார்த்தா. கடற்றொழிலாளியின் மனைவி, கயிற்றை விரலால் தொடர்ந்து போய் முடிச்சில் நிறுத்தினா.

"சரியாத்தான் கட்டியிருக்கிறார்," என்றா.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கோயிலில் தந்திருந்த பெயர்ப் படிவத்தையும் பேனையையும் கொண்டுவந்து மேசையில் வைத்தா. வருடாவருடம் கலிஸ்ராதான் எழுதுவாள். தகப்பனின் பெயரை எழுதினாள்: சந்தியாப்பிள்ளை மரியதாஸ். இறந்த தேதியையும் போட்டாள். பிறகு இரண்டாவது வரியில் 'றொமேஸ்' என்று தொடங்கினாள்.

"முழுப்பேரையும் எழுது," என்றா தாய், கதிரையைப் பிடித்துக்கொண்டு. "வாசிக்கேக்க ஆற்ற பிள்ளையெண்டு தெரிய வேணும். இஞ்ச றொமேஸ் எண்டு கனபேர்."

கலிஸ்ரா முன்னால் இருந்த இடத்தில் மரியதாஸ் என்று சேர்த்து எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் இறந்த தேதி கேட்டிருந்தார்கள். இருவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள். கலிஸ்ரா அதை வெறுமையாக விட்டு, படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.