சிவப்பாகத் தெரிந்த மூன்று ஏக்கர்

காதலித்தவனையே தரகர் வழியாக வரவழைத்து, பொருத்தமும் பார்க்கவைத்து, "பையன் பரவாயில்லையே" என்று அப்பாவையே சொல்லவைப்பது எங்கள் பொம்மனஹள்ளியில் ஒன்றும் புதிதில்லை. நானும் ஹரிஷ்குமாரும் அப்படித்தான் செய்தோம். போன மாதம் பெண் பார்க்க வந்தவன், முன்பின் தெரியாதவன் மாதிரி என் பெயரைக் கேட்டானே, அந்த நடிப்புக்கே மாலை போடலாம்.

எல்லாம் நிலத்தில் வந்து முட்டிக்கொண்டது. ஹரிஷுக்கு ஓசூர் பக்கம் மூன்று ஏக்கர், நல்ல விளைச்சல் என்று தரகர் சொன்னதை அப்பா கோவிந்தராஜன் நம்பவில்லை.

"தரகர் சொன்னா பாறை மேலயும் நெல்லு வெளையும். நீதான் சாட்டிலைட் ஆபீஸ்ல இருக்கியே வித்யா, மேலேருந்து பாத்துச் சொல்லு. காஞ்ச நெலம்னா இந்தச் சம்பந்தமே வேணாம்."

இவ்வளவுதானா என்று உள்ளுக்குள் குதித்தேன். வைட்ஃபீல்டில் என் வேலையே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து எந்த வயலில் பயிர் நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான். மறுநாளே ஒரு படத்தை அச்செடுத்து வந்து பெருமையாக நீட்டினேன்.

அப்பாவின் முகம் சுருங்கியது.

"என்னடி இது, செக்கச்செவேல்னு கெடக்கு? வெறும் செம்மண்ணு! வனஜா, அவங்களுக்கு இப்பவே போன் போட்டு வேணாம்னு சொல்லிடு."

அம்மா போனைக் கையில் எடுத்தே விட்டாள்.

அட கடவுளே! கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைப் பயிர் நிறையத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோளின் கேமரா அதைப் பிடிக்கும். அதற்கு நாங்கள் படத்தில் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறோம். எவ்வளவு சிவப்போ அவ்வளவு செழிப்பு. ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து எனக்குச் சிவப்பு என்றாலே பச்சைதான். அதே படத்தை வீட்டுக்கும் தூக்கிவந்த என் புத்தியை எதால் அடிப்பது?

"அப்பா, செவப்புன்னா பச்சைப்பா!"

"யாருக்குக் காது குத்துற?"

பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்து, சேர்த்து வைத்திருந்த அந்த நிலத்தின் படங்களையெல்லாம் காட்டினேன். "பாருங்கப்பா, இது மழைக்கு அப்புறம், நல்ல செவப்பு. இது அறுப்பு முடிஞ்சு, வெளுத்துப்போச்சு. மறுபடி நட்டாங்க, மறுபடி செவப்பு. செம்மண்ணு இப்படி மாறுமா?"

"ஆமா, மாறுதே" என்றார் அப்பா. அம்மா போனைக் கீழே வைத்தாள். எனக்கு உயிர் வந்தது.

அப்பாவோ படத்துக்கு அடியில் நான் எழுதி வைத்திருந்ததைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"'ஹரிஷ் இன்று ஊரில். தக்காளி நடவு.' தேதி ரெண்டு வருஷத்துக்கு முந்தினது. ஜாதகம் வந்தது போன மாசம்தானடி?"

நான் லேப்டாப்பை மூடப் போனேன். அப்பா கையை வைத்துத் தடுத்தார்.

"இதுல அந்தப் பையன் எங்க நிக்கிறான்?"

"ஆளெல்லாம் தெரியாதுப்பா. பத்து மீட்டருக்குக் கொறைஞ்சது எதுவும் இந்தக் கேமராவுக்குத் தெரியாது."

"அப்ப ரெண்டு வருஷமா என்னத்தடி பாத்துட்டிருந்த?"

வெட்கத்தை விட்டு அழுதுவிட்டேன். "அவர் அங்கதான் இருக்கார்னு தெரியும்ல. அது போதும்பா."

அப்பா லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"வனஜா, அவங்கள நாள் பாக்கச் சொல்லு. இவ இன்னும் எத்தன வருஷம் வானத்துலேருந்து எட்டிப் பாத்துட்டிருப்பா?"