கழுத்துவரை நிரப்பிய டின்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சுலைகாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழை மாலை நான்கு மணிக்குள் திருச்சியில் காட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். சுலைகா உம்மாவோடு முன்பே திருச்சி போய்விட்டாள். சான்றிதழோ நேற்றைய தபாலில்தான் கொடைக்கானல் வந்து சேர்ந்தது.

“நான் கொண்டு போறேன். நாலு மணி என்ன, மூணுக்கே நிப்பேன்” என்று வண்டியை எடுத்தான் அண்ணன் அமானுல்லா. ராணுவ ஏலத்தில் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள். டாங்கில் விரிசல், பாதிக்கு மேல் ஊற்றினால் ஒழுகும். திண்டுக்கல் பங்க்குகளில் இரண்டு நாளாகப் பெட்ரோல் இல்லை என்று லாரிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு தகர டின்னில் கழுத்துவரை பெட்ரோல் ஊற்றி, மூடியை இறுக்கி, சான்றிதழ்ப் பையோடு சேர்த்துப் பின்னால் கட்டினான். இடம் விட்டால் வளைவுகளில் அலம்பி வண்டியை இழுக்கும். ‘பிஸ்மில்லா’ சொல்லிக் கிளம்பினான்.

பெருமாள்மலையில் விரல்கள் விறைத்தன. வத்தலக்குண்டில் சட்டை நனைந்தது. செம்பட்டி தாண்டியதும் கிணற்று மேட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

“தம்பி, நிப்பாட்டுங்க! டின்னு ஒழுகிக்கிட்டே வருது!”

இறங்கிப் பார்த்தான். டின்னின் வயிறு உப்பி, அடி மடிப்பு விட்டிருந்தது. பாதி பெட்ரோல் ரோட்டோடு போய்விட்டது. அவள் கணவர் மயில்சாமியும் பீடியோடு எட்டிப் பார்த்தார்.

“அந்தப் பீடிய அங்கிட்டுப் போடுங்க மொதல்ல! நம்மளையும் சேத்துக் கொளுத்தவா?” என்று அவரை விரட்டிவிட்டு, அமானுல்லாவிடம் திரும்பினாள் பிச்சையம்மாள். “குளிருக்குள்ள ரொப்புனீங்களாக்கும்? வெயிலுக்குப் பொங்கும்ல தம்பி. நாலு வெரக்கடை விட்டுல்ல மூடணும்?”

“மலைக்காரவுக. வெயில எங்கிட்டுப் பாத்தாக!” என்றார் மயில்சாமி தூரத்திலிருந்து.

அமானுல்லா மூடியை மெல்லத் தளர்த்தினான். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பிச்சையம்மாள் துணி துவைக்க வைத்திருந்த சவுக்காரக் கட்டியை மடிப்பில் அழுத்தித் தேய்த்தாள். ஒழுக்கு நின்றது. ஆனால் இருப்பதை வைத்துக்கொண்டு திருச்சிக்கு இருபது மைல் முன்னாலேயே நிற்க வேண்டியதுதான். தங்கையின் விஷயத்தைச் சொன்னான்.

பிச்சையம்மாள் மோட்டார் கொட்டகைக்குள் போய் இரண்டு பாட்டில் பெட்ரோலோடு வந்தாள். அவர்களுடைய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும். கிளப்பிவிட மட்டும் பெட்ரோல் வேண்டும்.

“இதக் குடுத்துட்டா நீங்க எப்படிக்கா தண்ணி பாய்ச்சுவீக?”

“மாடு ரெண்டும் சும்மாதான நிக்குது? கமலை கட்டி எறைச்சுக்கிடுவோம். உங்க மாமாவும் ரெண்டு நாளைக்கு வேர்க்கட்டும். வெரசாப் போங்க.”

மயில்சாமி தாமே புனலைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் டின்னில் ஊற்றினார்; நாலு விரல் இடம் இருக்கிறதா என்றும் பார்த்தார். தனக்காக ஒருவர் வெயிலில் நின்று கமலை இறைக்கப்போகிறார் என்ற நினைப்போடு ஓட்டுகிறவனுக்கு அலுப்பு எங்கிருந்து வரும்? வழியெல்லாம் அந்த இருவருக்காகவும் அமானுல்லா துஆ கேட்டுக்கொண்டே போனான்.

மூன்று நாற்பதுக்குக் காகிதம் குமாஸ்தாவின் மேஜையில் இருந்தது. அவர் மூக்கைச் சுளித்தார். “என்னய்யா, பெட்ரோல்ல முக்கி எடுத்தியா?”

“வாடைய விடுங்க சார். எழுத்து தெரியுதா?”

தெரிந்தது. அவர் பேனாவைத் திறந்து சுலைகாவின் பெயரை எழுதினார்.